மேட்டுப் பக்கம் போகும் பந்து

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நான் உதைத்த பந்து கிளப் மைதானத்துக் கான்டீன் சன்னலில் போய் மோதியது. கண்ணாடி உடையவில்லை. உள்ளே சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விட்டார். இந்த நாட்டுக்காரர்கள் பந்துக்கெல்லாம் பதறுகிறவர்கள் இல்லை.

நாங்கள் இருப்பது நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர். நீலகிரியில் பிறந்த எனக்கு இந்த ஊரை முதலில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டாற்போல அத்தனை தட்டை. தண்ணீரைத் தடுக்கக் கட்டிய மண்கரை ஒன்றைக் காட்டி, "மேலே ஏறிப் பாருங்கள், காட்சி நன்றாக இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டே அதைவிட உயரம். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் மலை.

என் மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. ஊர் கிளப்பில் பெண்பிள்ளைகள் அணியில் ஆடுகிறாள். வருடத்தில் ஒரு நாள் பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக ஆடுவது அங்கே வழக்கம். இத்தனை வருடமும் முழங்கால் வலி, முதுகு வலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை ஆள் குறைந்ததால் இழுத்து விட்டுவிட்டார்கள். நானும் ஆடினேன். காலுக்குப் பந்து பழக்கம்தான். ஆனால் நான் கொடுத்த பந்து ஒன்றுகூட எங்கள் ஆளிடம் போய்ச் சேரவில்லை. கடைசியாகத்தான் அந்தச் சன்னல்.

சைக்கிளில் திரும்பும்போது நிலா கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் எப்பவும் கான்டீன் பக்கமே அடிக்கற?"

"எப்பவுமா?"

"எப்பவும். எங்க டீம் லோட்டாவோட அம்மா நேரா முன்னாடி நின்னாங்க. அவங்களுக்கு ஒண்ணுகூட வரல. எல்லாம் காபி குடிக்கறவங்களுக்குத்தான் போச்சு."

"அவங்களும் பாவம், எவ்வளவு நேரம் சும்மாவே நிப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் மிதித்த பிறகு சொன்னாள். "எனக்கும்தான் யாரும் தர்றதில்ல. பாதி ஆட்டம் சும்மா நிக்கறேன். குளிர்கால லீவோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

எனக்குத் திக்கென்றது. பந்தை நினைத்து இல்லை. வீட்டுக்குள் அவள் தமிழ் பேசுவது இப்போதெல்லாம் "சரி", "வேண்டாம்", "அப்புறம்" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே கேட்பது இந்த ஊர் மொழிதான். மைதானத்துக்குப் போகும்போதும் வரும்போதும் சைக்கிளில் இருக்கிற நேரத்தில்தான் என் மகள் என்னிடம் முழு வாக்கியமாகப் பேசுகிறாள். ஆட்டம் நின்றால் அந்தச் சைக்கிள் பயணமும் நின்றுவிடும்.

2

வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடிக் கூரை போட்ட தோட்டத்தில் தக்காளி பறிக்கிறேன். கொழுந்து பறிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு விரல் தானாக வேலை செய்யும், மனது எங்கே வேண்டுமானாலும் போய் வரும். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டது தக்காளிச் சந்துகளிலும் கிளப் கான்டீனிலும்தான். ஆட்களைப் பேசவிட்டு அவர்கள் பேச்சை எடுத்துக்கொள்வது என் வழி. யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அன்றைக்கு முழுக்க அதை வாயிலே போட்டு மென்றுகொண்டிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் வரவில்லை. இங்கே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்கிறார்கள். கோச் யான் என்னைவிட இளையவர். ஆனாலும் அவரை 'நீ' என்று கூப்பிட நாக்கு மறுக்கிறது. நம் ஊரில் பால்காரரையும் 'வாங்க' என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லவா நாம். மரியாதைச் சொல்லையே தேடித் தேடி வைக்கிறேன். "என்னை ஒரு நீதிபதி மாதிரி நடத்துகிறாய் மகேஸ்வரி, பயமாக இருக்கிறது" என்பார் அவர்.

பெயர் விஷயமும் அப்படித்தான். நகராட்சியில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் என்று விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா பெயரை முழுதாக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் 'திருமதி பழனிசாமி'. தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டிக்கொண்டிருந்த எங்கள் அப்பா பெயர் இப்போது ஒரு டச்சு ஃபுட்பால் கிளப்பில், பெற்றோர் முறை வைத்துச் சட்டை துவைக்கும் பட்டியலில் இருக்கிறது. அவரிடம் போனில் சொன்னேன். "சோப்பு நல்லாப் போட்டுத் தொவை அம்மணி, எம் பேரு கெட்டுப்போயிரும்" என்றார்.

இங்கே பெண்பிள்ளைகள் பந்து ஆடுவது யாருக்கும் அதிசயம் இல்லை. ஆனாலும் கான்டீன் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வார்: "பெண்கள் ஆட்டம் பார்க்க அழகுதான், ஆனால் காலில் பலம் இல்லை." அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. இதையே சொல்லிக்கொண்டிருந்த எங்கள் எஸ்டேட் மேஸ்திரிக்கு இந்தக் குளிர்நாட்டில் ஒரு தம்பி இருக்கிறார் என்று தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

3

எங்கள் எஸ்டேட் கிளென்மார்கன் பக்கம். தேயிலை விலை விழுந்த வருடங்கள் எப்படி இருந்தன என்று மலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபாக்டரிச் சங்கு தினமும் ஊதியது போய், வாரத்தில் மூன்று நாள் ஊதியது. ஆம்பிளைகள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். லைனில் மிஞ்சியது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான்.

எஸ்டேட்டுக்கென்று ஆண்களின் ஃபுட்பால் டீம் ஒன்று இருந்தது. ஆள் போனதும் டீமும் போயிற்று. பந்து மட்டும் ஃபாக்டரி ஸ்டோரில் தனியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தவள் சரோஜா அக்கா. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவளுடையது. கொழுந்து பறிக்கிற வேலை, வயது பதினெட்டு, எங்களுக்கெல்லாம் கேப்டன்.

"ஏலாதுன்னு யாரும் கதைக்கக் கூடாது. கதைக்கிறவ போய்ப் பந்து பொறுக்கணும்" என்பது அவள் போட்ட முதல் சட்டம்.

பந்து பொறுக்குவது சின்னத் தண்டனை இல்லை. எங்கள் மைதானம் சரிவு. ஃபாக்டரிக்குக் கீழே, மலையை லேசாக வெட்டிச் சமன் செய்த மாதிரி செய்து பாதியில் விட்ட இடம் அது. இரண்டு கோல் கம்பமும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆனால் ஒரு பக்கக் கோடு மேட்டிலும் மறு பக்கக் கோடு பள்ளத்திலும் இருக்கும். மேட்டுப் பக்கத்துக் கரையில்தான் வேடிக்கை பார்க்கிறவர்கள் உட்காருவார்கள். பள்ளத்துப் பக்கம் கோட்டைத் தாண்டினால் ஒரு பட்டை இறக்கம், அதற்கப்புறம் தேயிலை. பந்து அங்கே உருண்டால் செடிகளுக்குள் தொலைந்துபோகும். எடுத்து வருவதற்குள் கையெல்லாம் கீறல்.

நேராகப் பந்து கொடுத்தால் அது பாதி வழியில் பள்ளத்துக்குத் திரும்பிவிடும். அதனால் சரோஜா அக்கா சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை இதுதான்: "ஆளைப் பார்த்து அடிக்காதீங்கடி. மேட்டைப் பார்த்து அடிங்க. பந்து வளைஞ்சு ஆளுக்கு வந்து சேரும்." பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் மேடு வலக்கையிலிருந்து இடக்கைக்கு வரும். அதையெல்லாம் யார் யோசித்துக்கொண்டிருப்பது. கரையில் ஆட்கள் தெரிகிற பக்கம் மேடு, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பப் பழகிவிட்டது.

ஆண்கள் விட்டுப்போன சட்டைகளை முழங்கை வரை மடித்துவிட்டு, சுடிதார் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆடுவோம். கரையில் பேச்சுக்குக் குறைவிருக்காது.

"பொட்டப்புள்ளைக காலுக்குப் பலம் பத்தாதுங்க. பந்து உதைக்கறதுக்குன்னு ஒரு காலு வேணும்" என்பார் மேஸ்திரி. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பவர்கள், அன்று பகல் முழுவதும் கொழுந்து மூட்டையோடு மலை ஏறி வந்த பெண்கள்.

"அப்ப நாளைக்கு மூட்டைய நீங்க தூக்கிட்டு வாங்க மேஸ்திரி. நாங்க தராசுகிட்ட நின்னு பாத்துக்கிறோம்" என்பாள் சரோஜா அக்கா.

பெண்களும் சும்மா இருக்கமாட்டார்கள். "முட்டியெல்லாம் தழும்பு. பொண்ணுப் பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்று ஒரு அக்கா ஆரம்பிப்பார்.

"மாப்பிள முட்டியையா பாக்க வர்றாரு?" என்பாள் எங்களில் ஒருத்தி.

"பாக்கற நாளும் வருமல்லோ புள்ள" என்று இன்னொருவர் முடித்து வைக்க, கரை முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

எங்கள் அம்மா மட்டும் அந்தச் சிரிப்பில் சேரமாட்டார். அவருக்கு என் முட்டியைப் பற்றிக் கவலை இல்லை. அவர் கண் அந்த மண்ணின் மேல் இருந்தது.

4

சங்கு ஊதாத நாட்களில் அம்மா கேத்திக்குக் கேரட் பிடுங்கும் வேலைக்குப் போய் வந்தார். அங்கே ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் சாப்பிடுவதைப் பார்த்தார். எங்கள் லைனைச் சுற்றித் தேயிலை இல்லாத மண் என்றால் அந்த மைதானம் ஒன்றுதான். ஒருநாள் குழாயடியில் பேச்சை எடுத்தார்.

"ஏனுங்க, அந்தக் கிரவுண்டைக் கொத்திக் கேரட்டும் பீன்சும் போட்டா ஊட்டுக்கு ஒரு பாத்தி வராதா?"

எல்லோரும் குடத்தைக் கீழே வைத்தார்கள். நான் மட்டும்தான் வாயைத் திறந்தேன்.

"அப்ப நாங்க எங்கம்மா ஆடறது?"

"பந்தை ஆக்கித் திங்க முடியுமா கண்ணு?"

அந்த மாதம் எங்கள் வீட்டில் காலையிலும் ராத்திரியிலும் ரேஷன் அரிசிக் கஞ்சிதான். அம்மா சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் அழுகை அதிகமாக வந்தது.

எஸ்டேட் துரையிடம் கேட்டதற்கு, நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். கரையில் கூட்டம் போட்டார்கள். சரோஜா அக்கா எழுந்து நின்றாள். வெலிங்டனில் ஒரு பெண்பிள்ளைகள் டீமோடு ஆட்டம் ஒன்று ஏற்கெனவே பேசியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஏற்பாடு செய்தது.

"அது மட்டும் ஆடிட்டு வந்துடறோம். அதுவரைக்கும் மண்வெட்டி போடாதீங்க. அதுக்குப் பொறவு நீங்க சொல்றது" என்றாள்.

மேஸ்திரி தாடையைத் தடவினார். "சரி. நாங்களும் வந்து பாக்கறோம். அது ஆட்டம்னு சொல்றாப்ல இருந்தா கிரவுண்டை உட்டர்றோம். சும்மா கோழி தொரத்தறாப்ல இருந்துச்சுன்னா, திங்கக்கெழமை கொத்து."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சம்மதமுங்க" என்றார் அம்மா. "விதை வாங்கி வெச்சிருக்கறேன். நாலு நாள்ல ஒண்ணும் மக்கிப் போயிராது."

5

கொழுந்து ஏற்றுகிற லாரிக்கு அப்போது ஏற்றக் கொழுந்து இல்லை. அதில் எங்களை ஏற்றினார்கள். டீமும், அம்மாவும், லைன் பெண்களும், மேஸ்திரியும். போகிற வழியெல்லாம் பச்சை இலை வாசம் துணியில் ஏறிக்கொண்டே வந்தது.

வெலிங்டன் மைதானத்தைப் பார்த்ததும் இறங்க மறந்து லாரியிலேயே நின்றோம். அப்படி ஒரு சமம். எதிர் டீம் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டை, கால்சட்டை, பூட்ஸ் என்று வந்து நின்றார்கள். எங்களில் பாதிப்பேருக்குச் செருப்புத்தான், அதையும் கழற்றிவிட்டோம்.

"எவ்வளவு நல்ல கிரவுண்டு. பந்து தொலையவே தொலையாது" என்றாள் சரோஜா அக்கா.

அந்த நல்ல கிரவுண்டுதான் எங்களைக் கவிழ்த்தது. ஒரு பக்கம் உட்காரப் படிக்கட்டு, எங்கள் ஆட்கள் எல்லோரும் அதில் வரிசையாக இருந்தார்கள். எதிர்ப் பக்கம் வெறும் மதில். ஆட்டம் தொடங்கியதும் நான் சரோஜா அக்காவுக்குக் கொடுத்த பந்து படிக்கட்டுப் பக்கம் போனது. அவள் எனக்குக் கொடுத்ததும் படிக்கட்டுப் பக்கம் போனது. எல்லாருடைய பந்தும் அங்கேதான் போனது. வளைந்து திரும்பும் என்று காத்திருக்கிறோம், அது திரும்பவே இல்லை. சமதரையில் பந்து எதற்குத் திரும்பும். அது எங்கள் காலுக்குப் புரியவில்லை.

ஒரு பந்து நேராக அம்மா மடியிலே போய் விழுந்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏ மகேசு, எனக்கெதுக்கு அம்மணி குடுக்கறே, நானா கோல் போடறது?" என்று திருப்பி எறிந்தார். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு காதில் சூடாக விழுந்தது. அந்தப் பாதி முடிவதற்குள் இரண்டு கோல் வாங்கியிருந்தோம்.

இடைவேளையில் சரோஜா அக்கா புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். "கால் என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது" என்றாள். அவள் முகத்தை அப்படி நாங்கள் பார்த்ததில்லை. மேலே மேஸ்திரி யாரிடமோ, "மம்பட்டியக் கையோட கொண்டாந்திருக்கலாம்" என்பது கேட்டது.

அம்மா எழுந்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கி எங்களிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரோசா, நம்ம ஊர்ல நாங்க எந்தப் பக்கம் உக்காருவோம்?"

"மேட்டுப் பக்கம் அக்கா."

"இங்கயும் எங்களப் பாத்துட்டு மேடுன்னு நெனச்சுக்கிட்டீங்க. பந்தெல்லாம் எங்க மடிக்கே வருது பாரு."

சரோஜா அக்கா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். "அதுக்கு இப்ப என்ன அக்கா செய்ய ஏலும்? பத்து நிமிசத்துல காலை மாத்த ஏலாதே."

"காலை எதுக்கு மாத்தறீங்க. நாங்க மாறிக்கறோம்."

திரும்பிப் படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மலைச்சரிவில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. "எல்லாரும் எந்திரிங்க. பாதிப்பேரு மதில் பக்கம் போங்க. நாலு பேரு அந்தக் கம்பத்துக்குப் பொறத்தாண்ட, நாலு பேரு இந்தக் கம்பத்துக்குப் பொறத்தாண்ட. ஏனுங்க மேஸ்திரி, உங்களையுந்தான். அக்கட்டால, மதிலோரமாப் போய் நில்லுங்க."

"நான் எதுக்கு?"

"உங்களப் பாத்தா நல்ல மேடாத் தெரியுதுங்க."

மேஸ்திரி கொஞ்சம் பருமன். முனகிக்கொண்டே எழுந்து, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மதில் பக்கம் போய் நின்றார். எதிர் டீம் கோச் இதென்ன சடங்கு என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் லைன் பெண்கள் வேலி போட்டாற்போல மைதானத்தைச் சுற்றி நின்றார்கள்.

இரண்டாவது பாதியில் எங்கள் கால் திகைத்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மேடு. முதல் இரண்டு மூன்று பந்து எங்கெங்கோ போயின. பிறகு சரோஜா அக்கா கொடுத்தது ஒன்று என் காலுக்கு நேராக வந்தது. நான் அதைத் தடுத்து நிறுத்திவிட்டு ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வெச்சுப் பூசையா பண்றே, அடி புள்ள" என்றார் மதில் பக்கமிருந்து மேஸ்திரி. அடித்தேன். அதுவும் நேராகப் போனது. அதற்குப் பிறகு அவர்களுக்கு நாங்கள் ஒரு கோலும் விடவில்லை. சரிவிலேயே ஓடிப் பழகிய கால்களுக்குச் சமதரை என்பது விளையாட்டு. கடைசி நேரத்தில் மூச்சு வாங்கியது பூட்ஸ் போட்டவர்களுக்குத்தான். சரோஜா அக்கா ஒரு கோல் போட்டாள். ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு ஒன்று. தோற்றுத்தான் போனோம்.

6

லாரியில் திரும்பும்போது யாரும் மைதானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மேஸ்திரி முன்னால் டிரைவரோடு உட்கார்ந்துகொண்டார். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பனியைப் பார்த்தபடியே வந்தார்.

திங்கட்கிழமை காலையில் கண் விழித்தால் அம்மா வீட்டில் இல்லை. மூலையில் மம்பட்டியும் இல்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

மைதானத்தில் அம்மா கொத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நடுவில் இல்லை. பள்ளத்துப் பக்கம், கோட்டுக்கும் தேயிலைக்கும் இடையில், ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரைக்கும் நீளமாக ஒரு பட்டை. சரிவு அதிகமாக இருந்ததால் நாங்கள் ஆடவே முடியாத இடம் அது. மேஸ்திரி கல் பொறுக்கிக் கரை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்கு ஒரு பாத்தி வராது. ரெண்டு ஊட்டுக்கு ஒண்ணு வரும். போதும்" என்றார் அம்மா என்னைப் பார்க்காமலேயே.

"தோத்துட்டமேம்மா" என்றேன்.

"நானும் உங்களுக்கு ஆடத் தெரியாதுன்னுதான் நெனச்சிருந்தேன். ஆடத் தெரியுது. நிக்கறவங்கதான் சரியா நிக்கல."

பிறகு மம்பட்டியை ஊன்றிக்கொண்டு அவர் ஒரு சட்டம் போட்டார். பந்து பாத்திக்குள் வந்தால், எடுக்க வருகிறவள் ஒரு கைப்பிடி களை பிடுங்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் கேரட் பாத்தி அளவுக்குச் சுத்தமான பாத்தி வேறு இருந்ததில்லை. நன்றாக ஆடிய நாட்களில் களை கொஞ்சம் கூடிவிடும். "இன்னிக்கு ஏன் ஒருத்தியும் தப்பா அடிக்கலை?" என்று கரையிலிருந்து சத்தம் வரும். கேரட் வந்ததும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வேகவைத்து உப்புப் போட்டுத் தின்றோம். அந்த மண்ணின் இனிப்பு வேறு எதிலும் வரவில்லை என்று சொன்னால் என் கணவர் நம்புவதில்லை.

தேயிலை விலை பிறகு மெல்ல ஏறியது. சரோஜா அக்கா இப்போது கூடலூர் பக்கம் இருக்கிறாள். அவள் மகள் கோல் காக்கிறாளாம். "என் பேச்சைக் கேட்கிறதில்லை. ஆனா பந்தை மட்டும் விடமாட்டா" என்று போனில் சொல்லிச் சிரிக்கிறாள்.

7

இத்தனையையும் நிலாவுக்குச் சொன்னேன். ஒரே நாளில் இல்லை. மைதானத்துக்குப் போகிற சைக்கிளில் கொஞ்சம், வருகிற சைக்கிளில் கொஞ்சம். எதிர்க்காற்றில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் "ம்" என்றாள். மேஸ்திரியை மேடு என்று சொன்ன இடத்தில் மட்டும் ஒரு முறை சிரித்தாள். கேட்டாளா, காற்றுக்குத் தலையை ஆட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தப்போகிறேன் என்ற பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை. நானும் பயந்து எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை ஆட்டம். கான்டீன் பக்கக் கோட்டில் எல்லாப் பெற்றோரும் வழக்கம்போலக் கையில் காபியோடு வரிசையாக நின்றோம். எதிர்ப் பக்கக் கோட்டில் யாரும் நிற்பதில்லை. அங்கே கால்வாய், அதைத் தாண்டி வருகிற காற்று, அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும் முன் நிலா ஓடி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நான் தமிழில் சத்தம் போடுவது அவளுக்குத் தோழிகள் முன்னால் கூச்சம். போன வருடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "நான் கத்த மாட்டேன் கண்ணு. சும்மா நிக்கறேன்" என்றேன்.

"இல்லம்மா. கத்து." அவள் கையை நீட்டி எதிர்ப் பக்கத்தைக் காட்டினாள். "நான் இந்தப் பக்கம் ஆடற பாதி எனக்குப் பந்து வருது. அந்தப் பக்கம் ஆடற பாதி வர்றதே இல்ல. நீங்க எல்லாரும் இங்க நிக்கறீங்கல்ல. எல்லாரும் இங்கயே அடிக்கறாங்க."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

காபியைப் பக்கத்தில் நின்ற லோட்டாவின் அம்மா கையில் கொடுத்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நடந்தேன். எங்கே போகிறாய் என்று கோச் யான் கேட்டார். "மேடு கட்டப் போறேன்" என்று சொல்ல அவர் மொழியில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவசரத்தில் மரியாதைச் சொல்லும் கிடைக்கவில்லை. "நீ ஆட்டத்தைப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கால்வாய்க் கரையில் காற்று ஆளைத் தள்ளியது. தூறலுக்குப் பிடித்திருந்த குடை மடங்கிப்போனது, அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். தனியாக ஒருத்தி அங்கே நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கியது. எனக்கு முன்னால் நிலா தனியாக ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து கான்டீன் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

நான் முந்தானையைச் செருகுகிற மாதிரி, போட்டிருந்த குளிர்கால கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் அம்மாவின் குரலில் கூப்பிட்டேன். "ஏ புள்ளைகளா, இக்கட்டால பாருங்க."

ஒருத்திக்கும் புரிந்திருக்காது. ஆனால் நடுவில் நின்ற லோட்டா தலையைத் தூக்கிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். பார்த்ததும் அவள் கால் திரும்பியது. பந்து புல்லில் நேராக, வளையாமல், என் மகளை நோக்கி வந்தது.